விரல் நுனியில் நான்கு கிலோ

பழைய புல்லட்டை மாலை ஆறரை மணிக்கு சென்னையின் ஜிஎஸ்டி சாலையில் ஓட்டியவர்களுக்கு இடது முன்கை என்ன பாடுபடும் என்று தெரியும். கிளட்சைப் பிடிக்க வேண்டும், முதல் கியர் போட வேண்டும், பத்தடி நகர வேண்டும், மறுபடி பிடிக்க வேண்டும், நியூட்ரலைத் தேட வேண்டும். தாம்பரத்தில் ஏறினால் குரோம்பேட்டை வருவதற்குள் விரல்கள் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்து காபி டம்ளரை எடுக்கும்போது கை லேசாக நடுங்கும்.

இப்படி அவதிப்பட்டவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹைட்ராலிக் கிளட்ச் மாட்டிவிடலாம். நானும் அந்த நினைப்போடுதான் என் மெக்கானிக்கிடம் போனேன்.

"அண்ணே, ஹைட்ராலிக் போட்டா கிளட்ச் பூ மாதிரி ஆயிடுமாமே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, எண்ணெய் ஊத்தினா ஸ்பிரிங் இளகிடுமா? உள்ள இருக்கிறது அதே ஸ்பிரிங்தானே?"

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அவர் இயற்பியல் படித்தவரல்லர். ஆனால் ஆற்றல் அழியாமை விதியை ஒரு கிளட்சுக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

முதலில் வண்டியைப் பார்ப்போம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் கேட்ட 350 சிசி புல்லட்தான் அதற்கு அடித்தளம். இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 1970இல் நின்றுபோனது, என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் நிற்கவில்லை. அதனால் 1950களின் ஓர் ஆங்கிலேய வடிவமைப்பு, பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் நம் தெருக்களில் ஓடியது. வார்ப்பிரும்பு எஞ்சின், தனியாக உட்கார்ந்திருக்கும் நான்கு கியர் ஆல்பியன் கியர்பாக்ஸ், வலது காலில் கியர், குதிகாலால் தட்டி நியூட்ரலைப் பிடிக்க ஒரு தனி லீவர். நியூட்ரலைத் தேடுவது எவ்வளவு பெரிய வேலையாக இருந்திருந்தால் அதற்கென்று தனி லீவரே வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வண்டியில் கிளட்ச் இடப்பக்கம், பிரைமரி செயின் பெட்டிக்குள், எண்ணெயில் நனைந்தபடி இருக்கிறது. உராய்வுத் தகடுகளும் எஃகுத் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். சுருள் ஸ்பிரிங்குகள் அவற்றைச் சேர்த்து இறுக்குகின்றன. இறுக்கம் இருக்கும்வரை எஞ்சினின் முறுக்குவிசை கியர்பாக்ஸுக்குப் போகும். கிளட்சைப் பிடித்தால் அந்த இறுக்கம் தளர வேண்டும். கை இருப்பது இடப்பக்கம், கிளட்ச் இருப்பதும் இடப்பக்கம். ஆனால் கேபிள் வலப்பக்கம் போகிறது. கியர்பாக்ஸின் வலது மூடிக்குள் நுழைந்து, அங்கிருக்கும் ஒரு சிறிய நெம்பு லீவரை இழுக்கிறது. அந்த லீவர், உட்குடைவான மெயின் ஷாஃப்டின் நடுவே செல்லும் புஷ் ராடைத் தள்ளுகிறது. ராடு வண்டியின் குறுக்கே போய் இடப்பக்கத்தில் பிரஷர் பிளேட்டைத் தூக்குகிறது. இந்தச் சுற்று வழி முழுவதும் நம் நான்கு விரல்களின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

இனி எண்களுக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாக எடுக்கிறேன். உங்கள் வண்டியில் சற்றுக் கூடக்குறைய இருக்கும். தராசு காட்டும் கிலோவையே விசையின் அளவாகச் சொல்கிறேன். இயற்பியல் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். ஸ்பிரிங்குகள் எல்லாம் சேர்ந்து 100 கிலோ விசையோடு இறுக்குகின்றன என்று கொள்வோம். தகடுகள் நன்றாகப் பிரிய பிரஷர் பிளேட் 2 மி.மீ. விலக வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு முறை கிளட்ச் பிடிக்கும்போதும் செய்ய வேண்டிய வேலை 100 பெருக்கல் 2, அதாவது 200. விசை பெருக்கல் தூரம்தான் வேலை.

மூடிக்குள் இருக்கும் லீவர் தூரத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்து விசையை ஐந்து மடங்காக்குகிறது. எனவே கேபிளின் முனையில் 20 கிலோ, 10 மி.மீ. கைப்பிடி லீவரும் ஐந்து மடங்கு நெம்புகிறது. விரல் நுனியில் 4 கிலோ, 50 மி.மீ. எந்த இடத்தில் பெருக்கினாலும் 200தான் வருகிறது.

இந்த 4 கிலோவை மறக்காதீர்கள். இதுதான் அடித்தளம். இந்த ஸ்பிரிங்குகளும் இந்த 2 மி.மீ. விலகலும் இந்த 50 மி.மீ. விரல் வீச்சும் இருக்கும்வரை, கேபிளோ எண்ணெயோ வேறு எந்தக் கருவியோ சராசரி 4 கிலோவுக்குக் கீழே போக முடியாது. கை நீளமாக வளரப்போவதில்லை. லீவரை 80 மி.மீ. இழுக்க யாராலும் முடியாது. ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் குறையும்தான். சிலர் அதைச் செய்கிறார்கள். அப்படிச் செய்த வண்டி மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறும், வண்டி நகராது. தகடு வழுக்கிக் கருகும். அது தீர்வே அல்ல.

ஆனால் நடைமுறையில் பழைய புல்லட்டின் லீவரை இழுக்க 4 கிலோ போதவே போதாது. ஏழு, எட்டுகூட ஆகிறது. மீதியைத் தின்பது யார்?

கேபிள். எர்னஸ்ட் மோனிங்டன் பவுடன் 1896இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற அந்த எளிய பொருளை நான் மிகவும் மதிக்கிறேன். உள்ளே ஒரு முறுக்குக் கம்பி, வெளியே சுருள் எஃகாலான ஓர் உறை. கம்பி இழுபடும்போது உறை அதே அளவு அமுங்குகிறது. இழுப்பும் அமுக்கமும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால், ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பினாலும் இழுப்பு மாறாமல் போய்ச் சேருகிறது. சைக்கிள் பிரேக் முதல் மோட்டார் சைக்கிள் கிளட்ச் வரை ஒரு நூற்றாண்டை இந்தக் கம்பி இழுத்து வந்திருக்கிறது. அதற்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. வளைவு.

திமிறும் மாட்டைத் தனியாளாகப் பிடிக்க வேண்டியிருந்தால் என்ன செய்வோம்? கயிற்றை வேப்பமரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நுனியை மட்டும் பிடித்துக்கொள்வோம். மாடு எவ்வளவு இழுத்தாலும் நம் கைக்குச் சிறு இழுப்பே வரும். காசிமேட்டில் படகைக் கட்டுபவர்களும் இதையேதான் செய்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் லியோன்ஹார்ட் ஆய்லர் இதற்குக் கணக்குப் போட்டார். 2.718 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உராய்வுக் கெழுவையும் கயிறு சுற்றிய மொத்தக் கோணத்தையும் பெருக்கினால் கிடைக்கும் எண்ணை அதற்கு அடுக்காக வையுங்கள். வரும் விடைதான் இரு முனை விசைகளின் விகிதம். உராய்வுக் கெழு 0.3 என்றால் இரண்டு முழுச் சுற்றுக்கு விகிதம் 43. நாம் 5 கிலோ பிடித்தால் மாட்டின் 200 கிலோ இழுப்பு நின்றுவிடும்.

மரத்தில் நமக்கு உதவிய அதே விதி கேபிளுக்குள் நமக்கு எதிராக வேலை செய்கிறது. கம்பி உறையின் உட்சுவரை ஒவ்வொரு வளைவிலும் உரசிக்கொண்டு போகிறது. புல்லட்டில் ஹேண்டில்பாரிலிருந்து கீழே திரும்ப ஒரு வளைவு, டேங்குக்கு அடியில் வலப்பக்கம் கடக்க ஒன்று, கியர்பாக்ஸுக்குள் இறங்க ஒன்று. கூட்டினால் 180 டிகிரி, அதாவது 3.14 ரேடியன் என்று வைப்போம். உள்ளே நைலான் பூச்சுள்ள நல்ல கேபிளுக்கு உராய்வுக் கெழு 0.1 என்று எடுத்தால் விகிதம் 1.37. காய்ந்து துருவேறிய கேபிளுக்கு 0.2 என்று எடுத்தால் 1.87. அடித்தளமான 4 கிலோ முதல் கேபிளில் ஐந்தரை ஆகிறது, இரண்டாவதில் ஏழரை.

இந்தச் சூத்திரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வளைவின் ஆரம் அதில் எங்குமே இல்லை. பெரிய வளைவானாலும் சிறிய வளைவானாலும் உராய்வு ஒன்றுதான். மொத்தக் கோணம் மட்டுமே கணக்கு. கேபிளை அகலமாக வளைத்துவிட்டால் லேசாகும் என்று பலர் நம்புகிறார்கள். அகலமாக வளைப்பதால் கம்பி இழைகள் சீக்கிரம் அறுவதில்லை, அந்த நன்மை உண்மை. ஆனால் லேசாக வேண்டுமென்றால் திருப்பங்களையே குறைக்க வேண்டும். தேவையற்ற ஒரு நெளிவு இரண்டு பக்கமும் திரும்புவதால் இருமுறை வரி வசூலிக்கிறது.

இன்னொரு விளைவு இதைவிட முக்கியம். உராய்வு எப்போதும் அசைவுக்கு எதிராகவே நிற்கும். லீவரை இழுக்கும்போது அது நமக்கு எதிரி; விடும்போது ஸ்பிரிங்குக்கு எதிரி. இழுக்கும்போது 7.5 கிலோ கொடுத்தவர் விடும்போது 4ஐ 1.87ஆல் வகுத்து வரும் 2.1 கிலோவைத்தான் உணர்வார். கிளட்ச் எங்கே பிடிக்கத் தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிவது அந்தத் திரும்பும் விசையால்தான். அது பாதியாகத் தேய்ந்துபோனால் விரல் குருடாகிவிடும். பழைய கேபிள் உள்ள வண்டி கிளம்பும்போது குலுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கை வலியை எல்லாரும் பேசுகிறார்கள். இந்த உணர்விழப்பை யாரும் பேசுவதில்லை. எனக்கு வலியைவிட இதுதான் பெரிய குறை.

இங்கே ஒரு நல்ல வாய்ப்பும் ஒளிந்திருக்கிறது. இழுக்கும் விசை, உண்மையான விசையை உராய்வு விகிதத்தால் பெருக்கியது. விடும் விசை, அதையே அந்த விகிதத்தால் வகுத்தது. இரண்டையும் பெருக்கினால் உராய்வு அடிபட்டுப்போகும்! 7.5ஐயும் 2.1ஐயும் பெருக்கினால் 15.75; அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4. கியர்பாக்ஸைத் திறக்காமலேயே ஸ்பிரிங்கின் உண்மையான சுமை கிடைத்துவிட்டது. மாறாக, 7.5ஐ 2.1ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.9, அதுதான் கேபிள் தின்னும் விகிதம்.

இதற்குத் தேவை கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்றுதான். லீவரில், நடுவிரல் படும் இடத்தில் கொக்கியை மாட்டுங்கள். மெதுவாக இழுங்கள். லீவர் பாதி வீச்சைக் கடக்கும்போது தராசு காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாகத் தளர்த்தி, அதே பாதி இடத்தைத் திரும்பக் கடக்கும்போது குறியுங்கள். இடம் மாறக்கூடாது; சுருள் ஸ்பிரிங் அமுங்க அமுங்க விசை கூடும். நின்ற நிலையில் அளக்கவும் கூடாது. அசையும்போதே அளக்க வேண்டும். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். எண்ணெய் பக்கம் போவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். விகிதம் 1.2க்குக் கீழே இருந்தால் ஹைட்ராலிக் உங்களுக்குப் பெரிதாக எதையும் தராது. 1.8 என்றால் முதலில் புதுக் கேபிள் போட்டு, வழியை நேராக்கி, மறுபடி அளந்து பாருங்கள். பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும்.

சரி, எண்ணெய். பிளேஸ் பாஸ்கல் இறந்த மறு ஆண்டு, 1663இல், திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் பரவும் என்பது அதன் சாரம். ஒரு வாய் மற்றதைவிட நூறு மடங்கு பெரிதாக இருந்தால், சிறிய பிஸ்டனை அழுத்தும் ஒருவர் பெரிய பிஸ்டனை அழுத்தும் நூறு பேருக்கு ஈடு என்று அவர் எழுதினார். அதோடு நிறுத்தாமல், பெரிய பிஸ்டன் நூறில் ஒரு பங்கு தூரமே நகரும் என்பதையும் சேர்த்தே சொன்னார். முதல் பாதியை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மறு பாதியை மறந்துவிடுகிறார்கள். ஜோசப் பிராமா 1795இல் இதை வைத்து ஹைட்ராலிக் அழுத்து எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் கார் பிரேக்குகளுக்கு வந்தது. மோட்டார் சைக்கிள் கிளட்சுக்கு அது பரவலாக வந்தது 1980களின் தொடக்கத்தில், ஜப்பானியப் பெரிய வண்டிகளில்.

எண்ணெய்க்கு வளைவு ஒரு பொருட்டே அல்ல. குழாய் பத்து முறை திரும்பினாலும் அழுத்தம் குறையாது. கேபிளை வென்றது இந்த ஒரு குணத்தால்தான். ரப்பர் சீல்களின் உராய்வும் குழாய் லேசாக விரிவதும் சேர்ந்து பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், நம் 4 கிலோ 4.4 ஆகும். புதுக் கேபிளோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ லாபம். பழைய கேபிளோடு ஒப்பிட்டால் மூன்று கிலோ. விடும்போது 3.6 திரும்பி வருவதால் விரலுக்குப் பார்வை திரும்புகிறது. மெக்கானிக் சொன்னதுபோல ஸ்பிரிங் இளகவில்லை. கேபிளின் வரி மட்டும் ரத்தாகிறது.

கைப்பிடியில் எண்ணெயைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; மறுமுனையில் அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை இயக்குவது ஸ்லேவ் சிலிண்டர். பொருத்துவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கியர்பாக்ஸ் மூடியைக் குடைந்து, புஷ் ராடுக்கு நேரெதிரே ஸ்லேவ் சிலிண்டரை வைத்து நேரடியாகத் தள்ளுவது. நார்ட்டன் கமாண்டோ போன்ற வண்டிகளுக்கு இப்படிப்பட்ட மாற்றங்கள் உண்டு. மற்றொன்று, கியர்பாக்ஸில் எதையும் தொடாமல், கேபிள் வந்து உட்காரும் இடத்தில் ஓர் இழுவை ஸ்லேவைப் பொருத்தி, ஒரு சாண் கேபிளால் பழைய நெம்பு லீவரையே இழுப்பது. ஜெர்மனியின் மகுரா நிறுவனம் ஹைமெக் என்ற பெயரில் விற்ற மாற்றுத் தொகுப்பு இந்த வகை. பழைய வண்டிக்கு இரண்டாவது வழிதான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஐம்பது வயது வார்ப்பு மூடியில் போட்ட துளையை மூட முடியாது.

இருந்தாலும் முதல் வழியின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. தவறு எங்கே நேர்கிறது என்பது அதில்தான் பளிச்சென்று தெரியும். கைப்பிடியில் அரை அங்குல மாஸ்டர் சிலிண்டர், 12.7 மி.மீ. விட்டம். பிஸ்டன் 12 மி.மீ. நகர்கிறது. அது தள்ளும் எண்ணெய் ஏறக்குறைய 1.5 மில்லிலிட்டர். ஒரு குழந்தைக்கு மருந்து கொடுக்கும் அளவுகூட இல்லை. அந்தத் துளியளவை வைத்துத்தான் 100 கிலோவை 2 மி.மீ. நகர்த்த வேண்டும். பத்து சதவீத இழப்பைக் கழித்தால் ஸ்லேவின் விட்டம் 29.5 மி.மீ. வருகிறது. குழாயில் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 14.6 கிலோ, கார் டயரில் இருப்பதைப்போல் ஏழு மடங்கு.

இப்போது ஒருவர், இன்னும் லேசாக இருக்கட்டும் என்று 36 மி.மீ. ஸ்லேவை மாட்டுகிறார். விரலில் சுமை 3 கிலோவாக இறங்கிவிடும். கடையில் வண்டியை நிறுத்தி லீவரைப் பிடித்துப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் பிரஷர் பிளேட் 2 மி.மீ. விலகாது, 1.3தான் விலகும். தகடுகள் முழுதாகப் பிரியாமல் எண்ணெயில் உரசிக்கொண்டே இருக்கும். முதல் கியர் போட்டால் படாரென்று விழும். சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது. பாஸ்கல் சொன்ன மறு பாதி இதுதான். கிளட்ச் மாற்றம் செய்தபின் "லேசா இருக்கு, ஆனா கியர் கத்துது" என்று ஒருவர் சொன்னால், அவருடைய ஸ்லேவ் பெரிது, அல்லது உள்ளே காற்று இருக்கிறது.

இரண்டாவது வழியில், கேபிள் முனையில் 10 மி.மீ. வேண்டும். அதே எண்ணெயில் அது கிடைக்க ஸ்லேவின் பயன்படு பரப்பு, 13 மி.மீ. சொச்சம் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பாக இருந்தால் போதும். மாஸ்டருக்கும் ஸ்லேவுக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. இழுவை ஸ்லேவில் கம்பி பிஸ்டனின் நடுவே எண்ணெய்ப் பக்கமாகப் போவதால் அந்தக் கம்பியின் குறுக்குப் பரப்பைக் கழித்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்லேவ் உட்காரும் தாங்கியும் கெட்டியாக இருக்க வேண்டும்.  இழுப்பின் எதிர்விசையான 20 கிலோவைத் தாங்கிதான் சுமக்கிறது. அது 2 மி.மீ. வளைந்தால் பத்தில் இரண்டு பங்கு போச்சு. மெல்லிய தகட்டில் செய்யாதீர்கள்.

காற்று விஷயத்துக்கு வருவோம். நம் அழுத்தத்தில் எண்ணெய் ஆயிரத்தில் ஒரு பங்குதான் சுருங்கும், கவலையே இல்லை. ஆனால் அரை மில்லிலிட்டர் காற்று, அதாவது பத்துத் துளி அளவு, உள்ளே சிக்கிக்கொண்டால்? பாயிலின் விதிப்படி அது பதினைந்தில் ஒரு பங்காக அமுங்கிவிடும். நாம் தள்ளிய 1.5 மில்லிலிட்டரில் 0.47 வீணாய்ப் போகும். பிளேட் விலகுவது மறுபடி 1.3 மி.மீ.க்கு இறங்கிவிடும். பத்துத் துளிக் காற்று, தவறான ஸ்லேவ் செய்த அதே கேட்டைச் செய்கிறது.

மெக்கானிக்குகள் "ஏர் எடுக்கிறது" என்று சொல்லும் வேலை அதனால்தான் இவ்வளவு முக்கியம். மேலிருந்து லீவரை அழுத்தி அழுத்திக் கீழே விடுவது பிரேக்குக்குச் சரிவரும். கிளட்சில் நகரும் எண்ணெய் கொஞ்சம்; காற்றோ மேலே ஏறவே விரும்பும். ஆகவே அது மாஸ்டர் சிலிண்டர் முனையில், குழாய் இணையும் பேஞ்சோ போல்ட்டில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். எளிய வழி, கீழிருந்து ஊசி போடுவது. மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சில் எண்ணெயை நிரப்பி, ஸ்லேவின் பிளீடர் வழியாக மெதுவாக மேல்நோக்கித் தள்ளினால் காற்று தான் போக நினைத்த வழியிலேயே போய், மாஸ்டர் சிலிண்டரின் எண்ணெய்க் கிண்ணத்தில் குமிழிகளாக வெளிவரும். கிண்ணம் வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பேஞ்சோ போல்ட்டின் இரு பக்கச் செம்பு வாஷர்களும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கட்டும்.

எந்த எண்ணெய் என்பது உங்கள் விருப்பமல்ல, சீல்களின் விருப்பம். டாட் 4 எனப்படும் பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அதற்கான சீல்கள் வேறு ரப்பர். மினரல் ஆயிலுக்கான சீல்கள் வேறு. ஒன்றில் மற்றதை ஊற்றினால் சீல் ஊதிப்போகும் அல்லது சிதைந்துவிடும். கிண்ணத்தின் மூடியில் எழுதியிருப்பதைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். டாட் 4 காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கடலோர நகரங்களில் இது பெரிய விஷயம். ஈரம் ஏறிய எண்ணெய் உள்ளிருந்தே சிலிண்டரை அரிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பெயின்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உரித்துவிடும் என்பதால், டேங்கின்மேல் நனைந்த துணியைப் போர்த்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கையால் இழுத்த தங்கக் கோடுகள் உள்ள டேங்கை இழந்தால் திரும்பக் கிடைக்காது.

ஹைட்ராலிக் கிளட்சின் இரண்டாவது நன்மை, தானே சரிசெய்துகொள்வது. கேபிளில் லீவரின் அடியில் 2, 3 மி.மீ. தளர்வு விட வேண்டும். தகடு தேயத் தேய அது மாறும், திருகைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஹைட்ராலிக்கிலோ, மாஸ்டர் சிலிண்டரில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கிறது. லீவரை முழுதாக விட்டதும் பிஸ்டன் அந்தத் துளையைத் திறந்து, குழாய் எண்ணெயைக் கிண்ணத்தோடு சேர்த்துவிடும். கூடுதலாக இருப்பது மேலே போகும். குறைவது கீழே வரும்.

இதில் பிரேக்குக்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது. பிரேக் பேடு தேய்ந்தால் கிண்ணத்தில் எண்ணெய் இறங்கும். கிளட்ச் தகடு தேய்ந்தால் எண்ணெய் ஏறும். தகடுகள் மெலியும்போது பிரஷர் பிளேட் உள்ளே போய், புஷ் ராடை வலப்பக்கமாகத் தள்ளி, ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னால் அழுத்துவதுதான் காரணம். ஆகவே கிளட்ச் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பாதீர்கள். இடமில்லாவிட்டால் எண்ணெய் பின்வாங்க முடியாமல், கிளட்ச் அரைகுறையாகப் பிடித்தபடியே நின்று வழுக்கும்.

அந்த ஊசித்துளை அடைபட்டாலும் இதே கதிதான். சிலர் லீவரில் கொஞ்சமும் ஆட்டம் இருக்கக்கூடாது என்று திருகை இறுக்கிவிடுகிறார்கள். பிஸ்டன் துளையை மூடியபடியே நிற்கும். எஞ்சின் சூட்டில் எண்ணெய் விரியும். விரிந்த எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாததால் அது புஷ் ராடைத் தள்ளும். காலையில் நன்றாக ஓடிய வண்டி பத்து கிலோமீட்டரில் வழுக்கத் தொடங்கும்; ஆறியதும் சரியாகும். லீவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே நகக்கண் அளவு இடைவெளி கட்டாயம் வேண்டும்.

நெடும்பயணம் போகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கேபிள் அறுவதற்கு முன் இழை இழையாகப் பிரிந்து எச்சரிக்கும். இமயமலைக்குப் போகிறவர்கள் மாற்றுக் கேபிளைச் சுருட்டிப் பையில் எடுத்துப் போவார்கள். எந்த ஊர் மெக்கானிக்கும் கால் மணி நேரத்தில் மாட்டிவிடுவார். ஸ்லேவின் சீல் போனால் அந்த அளவு சீல் அடுத்த ஊரில் கிடைக்காது. லேசான கிளட்சுக்கு ஆசைப்படும்போது இதையும் அதே தராசில் வைத்துப் பாருங்கள். நகரத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கும், மணிக்கட்டு வலியோ மூட்டு வலியோ உள்ளவருக்கும் ஹைட்ராலிக் மாற்றம் நியாயமானது என்று தயங்காமல் சொல்வேன். ஆண்டுக்கு ஒருமுறை லடாக் போகிற, கை நன்றாக இருக்கிற இளைஞருக்கு நைலான் உறையுள்ள புதுக் கேபிளே போதும்.

மாற்ற முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய லீவர், கேபிள், அட்ஜஸ்டர், கிளாம்ப் எதையும் காயலான் கடையில் போடாதீர்கள். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, ஒரு பெட்டியில் போட்டு வண்டியின் பெயரை எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வண்டியை வாங்குகிறவர் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு அரை நாளில் அதைப் பழையபடி ஆக்க முடிய வேண்டும்.